கோவையில் கோப்பை... இரண்டே ஆண்டுகளில் காணோம்! சென்னை சிட்டி எஃப்.சி எழுந்து மறைந்த கதை

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் தொடங்கி மூன்றே நிமிடம்தான் ஆகியிருந்தது. எதிரணியான மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. கேலரியில் அதுவரை இருந்த விசில் சத்தம் சட்டென்று நின்றது.

அன்று ஐ-லீக் கால்பந்துத் தொடரின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி-யிடம் 40 புள்ளிகள், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலிடம் 39. இரண்டு அணிகளுக்கும் தலா ஓர் ஆட்டம்தான் பாக்கி. சென்னை சிட்டி ஜெயித்தால் கோப்பை கோவையில். டிரா ஆகி, அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு. இடைவேளையின்போது சென்னை சிட்டி 0-1 எனப் பின்தங்கியிருந்தது.

இரண்டாம் பாதியில் கதை மாறியது. கிடைத்த பெனால்ட்டியை பெட்ரோ மான்ஸி கோலாக்கினார். அடுத்து, தடுப்பு ஆட்டக்காரர் கௌரவ் போரா ஒன்றல்ல, இரண்டு கோல்கள் போட்டார். 3-1! கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என ஜெயித்துவிட்டது. ஆனாலும் பயனில்லை. 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐ-லீக் கோப்பை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

இரண்டே ஆண்டுகள்தான். 2021-22 சீசனில் ஐ-லீக்கில் ஆடிய 13 அணிகளின் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. சாம்பியன் ஆன அணி எப்படிக் காணாமல்போகும்?

சிங்காரப்பேட்டை டு மான்செஸ்டர்

பெங்களூரிலிருந்து திருவண்ணாமலை, புதுச்சேரி போகும் பேருந்துகள் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரையைத் தாண்டியதும் வரும் ஊர் சிங்காரப்பேட்டை. இந்தப் பக்கத்து இளைஞர்கள் பலருக்கு ஓசூர் கம்பெனிகளிலோ பெங்களூரிலோதான் வேலை. சனி, ஞாயிறு இரவுகளில் அவர்களின் செல்போன்களில் ஓடுவது இங்கிலாந்து பிரீமியர் லீக். மான்செஸ்டர் யுனைடெட்டின் பதினோரு பேரையும் வரிசையாகச் சொல்லும் பையனிடம், "நம்ம தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் ஜெயித்ததே, பெயர் தெரியுமா?" என்று கேட்டால் தலையைச் சொறிவான். அவனைக் குறைசொல்ல முடியாது. அந்த அணி இருந்தது என்பதை நினைவூட்டவே இன்று யாருமில்லை.

இந்த எல்லைப் பகுதிக்குக் கால்பந்து புதிதல்ல. ஓசூரிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கும் பெங்களூரு, கால்பந்துப் பைத்தியம் பிடித்த ஊர். எச்.ஏ.எல் தொழிற்சாலையின் அணி ஐ-லீக் வரை போய் ஆடியிருக்கிறது. 2013-ல் தொடங்கப்பட்ட பெங்களூரு எஃப்.சி, முதல் சீசனிலேயே ஐ-லீக் சாம்பியன் ஆனது. கம்பெனிக்கு ஓர் அணி, வங்கிக்கு ஓர் அணி, ரயில்வேக்கு ஓர் அணி என்பதுதான் இந்தியக் கால்பந்தின் பழைய வழக்கம். சென்னையிலும் அதே கதைதான். பெரம்பூர் ஐ.சி.எஃப், இந்தியன் வங்கி போன்ற அணிகள்தான் நம் பையன்களுக்குச் சம்பளத்தோடு கால்பந்து ஆடும் வாய்ப்பைக் கொடுத்தன. இந்தியன் வங்கி அணி தேசிய கால்பந்து லீக்கிலும் ஆடியது. ஐ-லீக்குக்கு முன்பிருந்த தேசியத் தொடர் அது.

பின்வாசல் வழியாக ஒரு நுழைவு

சென்னை சிட்டியின் வேர், 1946-ல் தொடங்கப்பட்ட நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப். பல பத்தாண்டுகள் சென்னை லீக் ஆட்டங்களைத் தாண்டி வெளியே பேசப்படாத பெயர் அது. பின்னர் 'சென்னை சிட்டி' என்ற புதுப்பெயர், ரோஹித் ரமேஷ் என்ற உரிமையாளர் என்று புது அவதாரம் எடுத்தது.

2016 டிசம்பரில் கதவு திறந்தது. ஐ-லீக்கில் அணிகள் குறைந்துபோக, நேரடி நுழைவு முறையில் புதிதாக இரண்டு அணிகளைச் சேர்த்துக்கொண்டது அகில இந்திய கால்பந்து சம்மேளனம். ஒன்று சென்னை சிட்டி, இன்னொன்று மினர்வா பஞ்சாப். கீழ் டிவிஷனில் ஜெயித்து மேலே ஏறி வராமல், பணம் கட்டி உள்ளே வரும் வழி இது. அப்போது பலருக்கும் இவற்றின் மீது பெரிய நம்பிக்கை இல்லை.

பெயர் சென்னை சிட்டி. ஆனால், சொந்த மைதானம் கோவை! சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஏற்கெனவே ஐ.எஸ்.எல் அணியான சென்னையின் எஃப்.சி ஆடிக்கொண்டிருந்தது. ஆகவே, வ.உ.சி பூங்காவுக்குப் பக்கத்திலிருக்கும் கோவை நேரு ஸ்டேடியத்துக்குக் குடிபெயர்ந்தது புது அணி. சென்னைப் பெயர் தாங்கிய அணிக்குக் கோவைக்காரர்கள் கைதட்டினார்கள்.

முதல் இரண்டு சீசன்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் இடம். ஆனால், அணி ஒரு நல்ல வேலை செய்தது. தமிழ்நாட்டுப் பையன்களை ஆட வைத்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறை என்ற மீனவக் கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், 2017-18 ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். நந்தகுமார் சேகர் இங்கே ஆடிவிட்டுத்தான் ஐ.எஸ்.எல் அணிகளுக்குப் போனார். 2023-ல் ஒடிசாவுடனும், 2024-ல் ஈஸ்ட் பெங்காலுடனும் சூப்பர் கோப்பையை வென்றார்.

கடலோரக் கிராமத்திலோ, வடசென்னையிலோ, ஊத்தங்கரைப் பக்கத்திலோ வெறுங்காலுடன் பந்து உதைக்கும் பையனுக்கு நேராக ஐ.எஸ்.எல்-லிலிருந்து அழைப்பு வந்துவிடாது. இடையில் அவனைப் பார்க்கவும், ஆட வைக்கவும், தேசிய அளவில் காட்டவும் ஒரு படி வேண்டும். சென்னை சிட்டி அந்தப் படியாக இருந்தது.

ஸ்பெயின் ரகசியம்

2018-19 சீசனுக்கு முன் அணி இரண்டு முடிவுகளை எடுத்தது. ஒன்று, சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தது. இன்னொன்று, வெளிநாட்டு வீரர்களை ஸ்பெயினில் தேடியது. பெரிய பெயர்களைத் தேடவில்லை. ரியல் மாட்ரிட், பார்சிலோனா என்று நாம் டிவியில் பார்க்கும் அணிகளுக்குக் கீழே ஸ்பெயினில் அடுக்கடுக்காக டிவிஷன்கள் இருக்கின்றன. சம்பளம் குறைவு, ஆனால் ஆட்ட அறிவு அதிகம். அங்கிருந்து வந்தவர்கள்தான் பெட்ரோ மான்ஸி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ, எஸ்லாவா, கோல்கீப்பர் நவுஸெட் ஆகியோர்.

அதாவது, ஐரோப்பாவின் கீழ் டிவிஷன்களில் யாரும் கவனிக்காத ஆட்டக்காரர்களையும், தமிழ்நாட்டில் யாரும் கவனிக்காத ஆட்டக்காரர்களையும் ஒரே அணியில் கோத்தார்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித்குமார் போன்ற நம்ம ஊர்க்காரர்கள் இந்த ஸ்பெயின்காரர்களுடன் பந்தைக் குட்டிக் குட்டியாகப் பாஸ் செய்து ஆடினார்கள். நெட்டி உதைத்து ஓடும் ஆட்டத்தையே பார்த்துப் பழகிய ஐ-லீக் ரசிகர்களுக்கு அது புதிது.

முதல் ஆட்டத்தில் இந்தியன் ஏரோஸ் அணியை 4-1 என வென்றதில் தொடங்கியது வேட்டை. ஈஸ்ட் பெங்காலைக் கொல்கத்தாவிலும் கோவையிலும் தோற்கடித்தார்கள். 20 ஆட்டங்கள்... 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. மான்ஸி மட்டும் 21 கோல்கள்! சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாஸாவும் 21 அடிக்க, அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலில் இருவருக்கும் சமபங்கு.

சீசன் நடுவிலேயே இன்னொரு செய்தி. 2019 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்.சி பாஸல் கிளப், சென்னை சிட்டியின் 26 சதவிகிதப் பங்குகளை வாங்கியது. சாம்பியன்ஸ் லீக் ஆடும் ஐரோப்பிய அணி ஒன்று கோவையில் ஆடும் அணியில் பணம் போடுகிறது! இளைஞர் பயிற்சி, அகாடமி என்று பெரிய கனவுகள் பேசப்பட்டன.

தமிழ்நாட்டுக் கால்பந்துக்கே அது பொன்னான ஆண்டு. மார்ச்சில் ஆண்கள் ஐ-லீக் கோவைக்கு வந்தது. மே மாதம், மதுரையின் சேது எஃப்.சி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இரண்டு மாதங்களில் இரண்டு தேசியக் கோப்பைகள்!

சரிவு ஆரம்பித்த இடம்

ஒரு சின்ன அணி ஜெயித்தால் உடனே என்ன நடக்கும்? பெரிய அணிகள் ஆட்களைக் கொத்திக்கொண்டு போகும். கோர்டில்லோ ஹைதராபாத் எஃப்.சி-க்குப் போனார். எட்வின், சென்னையின் எஃப்.சி-க்குப் போனார். அடுத்த சீசனின் நடுவில், 2020 ஜனவரியில், மான்ஸியையும் ஜப்பானின் ஆல்பிரெக்ஸ் நிகாட்டா கூட்டிக்கொண்டு போனது. பின்னர் அஜித்குமார் பெங்களூரு எஃப்.சி-க்கு.

இது சென்னை சிட்டிக்கு மட்டும் நேர்ந்ததல்ல, உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. ஆனால் ஆட்டக்காரரை விற்ற பணம், டிக்கெட் பணம், டிவி பணம் என்று மூன்றும் வரும் இடத்தில் சின்ன அணி தாக்குப்பிடிக்கும். இங்கே பணத்துக்கு அணி நம்பியிருந்தது பெரும்பாலும் உரிமையாளரின் பையைத்தான்.

அடுத்த அடி மேலிடத்திலிருந்து வந்தது. 2019 அக்டோபரில் இந்தியக் கால்பந்துக்கான புதிய பாதை வகுக்கப்பட்டது. அதன்படி நாட்டின் முதன்மைத் தொடர் ஐ.எஸ்.எல். ஆசிய சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பும் இனி அதற்கே. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே ஏறும் வாய்ப்பு 2022-23 சீசனிலிருந்துதான். மார்ச்சில் கோப்பையைத் தூக்கிய அணி, அக்டோபரில் கீழ்த்தட்டுத் தொடரின் அணியாக மாறிப்போனது. மேலே ஏற வேண்டுமென்றால் இன்னும் மூன்று சீசன்கள் செலவு செய்து காத்திருக்க வேண்டும்.

ஆனாலும் ஆசியக் கனவு ஒன்று மிச்சமிருந்தது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்று. பஹ்ரைனில் அல் ரிஃபா அணியிடம் 0-1 எனத் தோல்வி. மார்ச் 11-ல் ஏ.எஃப்.சி கோப்பை ஆட்டம். சொந்த ஆட்டம்தான், ஆனால் நடந்தது அகமதாபாத்தில். மாலத்தீவின் மாஸியாவுடன் 2-2 என டிரா. அதே மார்ச் மாதம் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. அந்த ஏ.எஃப்.சி கோப்பையும் பிறகு ரத்தானது.

2020-21 ஐ-லீக் முழுவதும் கொரோனா பாதுகாப்பு வளையத்துக்குள் மேற்கு வங்கத்தில் மட்டுமே நடந்தது. கோவையில் ஒரு ஆட்டம்கூட இல்லை. டிக்கெட் இல்லை, ரசிகர்கள் இல்லை. முதல் ஆறு இடங்களுக்குள் வர முடியாமல், கீழ்ப்பாதிப் பிரிவில் ஆடி சீசனை முடித்தது முன்னாள் சாம்பியன். பாஸல் கிளப்புடனான கூட்டும் நீடிக்கவில்லை. அடுத்த சீசன் பட்டியல் வந்தபோது, சென்னை சிட்டி இல்லை.

ஒரே நாளில் பிறந்த இரட்டையர்

2016 டிசம்பரில் சென்னை சிட்டியுடன் சேர்ந்து உள்ளே வந்த மினர்வா பஞ்சாப்பை நினைவிருக்கிறதா? 2017-18 ஐ-லீக் சாம்பியன் அவர்கள்தான். அடுத்த ஆண்டு சென்னை சிட்டி. 2019 மார்ச் 9 அன்று கோவையில் மோதிக்கொண்டது இந்த இரட்டையர்தான். நடப்புச் சாம்பியனைத் தோற்கடித்துத்தான் புதுச் சாம்பியன் உருவானது.

அதற்குப் பிறகு பஞ்சாப் அணிக்கும் சோதனைகள் வந்தன. பெயர் மாறியது. 2020-ல் உரிமையாளரும் மாறி, ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் ஆனது. ஆனால், அணி ஆடுவதை நிறுத்தவில்லை. 2022-23 ஐ-லீக்கை வென்று, இந்திய வரலாற்றிலேயே முதல் அணியாக ஐ.எஸ்.எல்-லுக்கு முன்னேறியது. அந்த ஏணி வந்தபோது பஞ்சாப் வரிசையில் நின்றது. சென்னை சிட்டி வரிசையிலேயே இல்லை.

இந்தியாவில் அணிகள் மறைவது வாடிக்கைதான். முதல் தேசிய லீக்கை வென்ற பஞ்சாப்பின் ஜே.சி.டி 2011-ல் மூடப்பட்டது. 2005-06 சாம்பியனான மஹிந்திரா யுனைடெட் 2010-ல் மூடப்பட்டது. கம்பெனி நினைத்தால் அணி இருக்கும், வேண்டாமென்றால் இருக்காது. மூடும் முடிவில் ரசிகனுக்கு எந்தப் பங்கும் இல்லை.

பரி ஊர் மக்கள் செய்தது என்ன?

இந்த இடத்தில் இங்கிலாந்தின் கீழ் டிவிஷன் அணி ஒன்றின் கதையைப் பார்க்கலாம். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பரி என்று ஒரு சிற்றூர். அந்த ஊர் அணி 1885-ல் தொடங்கப்பட்டது. 1900, 1903 என இருமுறை எஃப்.ஏ கோப்பையை வென்றது. 1903 இறுதி ஆட்டத்தில் 6-0 என வென்ற சாதனையை 2019-ல் மான்செஸ்டர் சிட்டியால் சமன் செய்யத்தான் முடிந்தது.

சென்னை சிட்டி சாம்பியன் ஆன அதே 2019-ல் பரி அணி நான்காம் தட்டிலிருந்து மூன்றாம் தட்டுக்கு முன்னேறியது. ஆனால், கடன் கழுத்தை நெரித்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று, புது சீசனில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலேயே லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. 134 ஆண்டு வரலாறு ஒரே இரவில் நின்றுபோனது.

ஊர் மக்கள் அழுதார்கள், பிறகு கூடினார்கள். 'பரி ஏ.எஃப்.சி' என்று புது அணியைத் தொடங்கி, அடிமட்ட டிவிஷனில் ஆட வைத்தார்கள். பழைய மைதானமான கிக் லேனை மீட்டார்கள். ரசிகர்களின் இரண்டு அமைப்புகளும் ஒன்றுசேர, 2023-ல் 'பரி எஃப்.சி' என்ற பழைய பெயருடனேயே அதே மைதானத்தில் மீண்டும் ஆட்டம் தொடங்கியது.

அதற்கு முன்பே வழிகாட்டியவர்கள் விம்பிள்டன் ரசிகர்கள். 2002-ல் தங்கள் அணியை வேறு ஊருக்கு மாற்ற அனுமதி கிடைத்ததும், "அணி போனால் போகட்டும், நாம் இருக்கிறோமே" என்று சொந்தமாக ஏ.எஃப்.சி விம்பிள்டனைத் தொடங்கினார்கள். பொதுப் பூங்காவில் தேர்வு நடத்தி ஆட்டக்காரர்களைப் பிடித்தார்கள். ஒன்பதே ஆண்டுகளில், 2011-ல், இங்கிலாந்தின் முதல் 92 அணிகளுக்குள் வந்தார்கள்.

அவர்களால் முடிந்ததற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல. தொடங்கிய அணியைச் சேர்க்க அங்கே கீழே டிவிஷன்கள் இருந்தன. ஜெயித்தால் ஏறலாம் என்ற விதி இருந்தது. தாத்தா கைப்பிடித்து அழைத்துப்போன மைதானம் என்ற உறவும் இருந்தது.

சென்னை சிட்டிக்கோ, பெயர் ஓர் ஊரில், மைதானம் இன்னோர் ஊரில். கோவை ரசிகர்களுக்கு அந்த அணியோடு பழக வாய்த்ததே சில சீசன்கள்தான். அணி நின்றபோது அதை மீட்டெடுக்கப் பங்கும் இல்லை, அமைப்பும் இல்லை.

இனி என்ன?

இது பழைய கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2025 ஜூலையில், உரிம ஒப்பந்தச் சிக்கலால் ஐ.எஸ்.எல் சீசனே நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. மேல்தட்டு அணிகளே ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது எப்படி என்று கையைப் பிசைந்தன. உச்சியில் இருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், கீழே இருப்பவர்களின் பாடு சொல்ல வேண்டியதில்லை.

சென்னை சிட்டி விட்டுச்சென்ற பாடம் எளிமையானது. கோப்பை வாங்க ஒரு நல்ல பயிற்சியாளரும் ஐந்தாறு நல்ல ஆட்டக்காரர்களும் போதும், அது ஒரு சீசன் வேலை. அணி நிலைத்திருக்க ஊர் வேண்டும், பள்ளிப் பையன்கள் ஆடும் லீக் வேண்டும், ஒருவர் கைவிட்டால் இன்னொருவர் தாங்கும் ஏற்பாடு வேண்டும். மாவட்ட லீக்குகள் ஒழுங்காக நடந்தால், அதில் ஜெயித்த அணி மாநில அளவுக்கும் அங்கிருந்து தேசிய அளவுக்கும் ஏற வழி இருந்தால், அடுத்த சென்னை சிட்டி கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்துகூட வரலாம். தொழிற்சாலைகள் வரிசைகட்டி நிற்கும் ஓசூரில் பணத்துக்கும் பஞ்சமில்லை, பந்து உதைக்கும் கால்களுக்கும் பஞ்சமில்லை.

ஐ-லீக் சாம்பியன்கள் பட்டியலில் 2018-19 என்ற வரிசைக்கு நேராக 'சென்னை சிட்டி' என்ற பெயர் இன்றும் இருக்கிறது. இந்த வார இறுதியில் பிரீமியர் லீக் பார்க்க செல்போனைக் கையில் எடுக்கும்போது, இடைவேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, 2019 மார்ச் 9 ஆட்டத்தின் கோல்களைத் தேடிப் பாருங்கள். வீட்டில் பந்து உதைக்கும் பையனோ பெண்ணோ இருந்தால், கூப்பிட்டுக் காட்டுங்கள். அது நம்ம அணி!